முறுக்குத் தண்டின் சுபாவம்: சாத்தூர் மோட்டார்ப் பட்டறைத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

நம்முடைய சாத்தூர் சேவுக்குப் பெயர் பெற்ற ஊரேயன்றி முறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர் அன்று. அந்தக் கீர்த்தி மணப்பாறைக்கு உரியது. ஆயினும் இன்று உங்களிடம் பேச நான் எடுத்துக்கொண்ட விஷயம் முறுக்குத்தான். அது தட்டில் வைத்து நொறுக்கும் முறுக்கு அல்ல. வண்டியின் அடிவயிற்றில், பிரயாணம் செய்கிறவர் ஒருவர் கண்ணிலும் படாமல் நீட்டிப் படுத்துக் கிடந்து, ஆயுள் முழுவதும் பாரம் தாங்குகிற எஃகுத் தண்டின் முறுக்கு. நீங்கள் அதை டார்ஷன் பார் என்கிறீர்கள். தமிழில் முறுக்குத் தண்டு என்றால் பொருள் பிசகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் கற்பித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ஒரு பழைய அம்பாஸிடர் காரைத் துணையாக வைத்துக்கொண்டு காலம் கழித்துவரும் எனக்கு, அந்தக் காரின் நிமித்தமாகவே உங்கள் பட்டறை வாசல்களில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, நீங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் அடிக்கடி கிடைத்து வந்திருக்கிறது. கண் எட்டாத மூலையிலிருக்கும் நட்டை விரலால் தடவிப் பார்த்தே இத்தனையாம் நம்பர் ஸ்பேனர் என்று சொல்லிவிடுகிற வித்தையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அத்தனை கைத்தேர்ச்சி உள்ள நீங்களே முறுக்குத் தண்டின் விஷயத்தில் மட்டும் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதையும் கண்டிருக்கிறேன்: கழலாத தண்டைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகுவது ஒன்று, கழற்றிய இரண்டு தண்டுகளையும் இடது வலது பாராமல் ஒன்றாகப் போட்டுவைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவது மற்றொன்று, 'லோடு அதிகம் அடிக்கணும், கொஞ்சம் ஏத்தி விடு' என்று டிரைவர் சொன்ன மாத்திரத்தில் போல்ட்டை முடுக்கி வண்டியை உயர்த்திக் கொடுப்பது மூன்றாவது. இம்மூன்றும் அசிரத்தையால் நேர்பவை அல்ல, அந்தத் தண்டின் சுபாவத்தை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால் நேர்பவை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவேதான் இந்த மடல்.

ஸ்பிரிங்கின் அருமை கட்டைவண்டியில் போனவர்களுக்குத்தான் தெரியும். மழை பெய்து காய்ந்து இறுகிப்போன கரிசல் பாதையின் சக்கரத் தடங்களில் வண்டி ஏறி இறங்கும்போது, பூமியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் இருசின் வழியாக நேரே வந்து உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் முடியும். அதனால்தான் வசதி படைத்த குடும்பங்கள் இருசுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வில்வண்டி கட்டிக்கொண்டன. வில் என்ற பெயரே அதன் தத்துவத்தைச் சொல்லிவிடுகிறது: தன்னை வளைக்கும் சக்தியை உள்ளே வாங்கி வைத்திருந்து, சமயம் வந்ததும் திருப்பிக் கொடுப்பது. இன்று லாரியின் அடியில் நீங்கள் பார்க்கும் பட்டைக் கட்டு அந்த வில்வண்டியின் பேரன். வளைந்து தாங்குவது பட்டை. அமுங்கித் தாங்குவது சுருள். முறுகித் தாங்குவது நம் தண்டு. ஈரமான போர்வையை இருவர் எதிரெதிர் நின்று முறுக்கிப் பிழியும்போது, ஒருவர் கையை விட்டுவிட்டால் அது தானே சுழன்று அவிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அவிழும் துடிப்பே இந்த ஸ்பிரிங்கின் ஜீவன்.

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். காயில் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி வளைகிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையிலோ அந்தக் கம்பி ஒவ்வோர் அங்குலத்திலும் முறுக்கத்தான் படுகிறது. சுருளை நீட்டி நேராக்கினால் முறுக்குத் தண்டு. தண்டைச் சுற்றி எடுத்தால் சுருள். ஆகவே நாம் பேசுவது ஏதோ அபூர்வமான பிறவியைப் பற்றி அன்று. உங்களுக்கு நன்கு பழக்கமான ஒருவரின் உடன்பிறப்பைப் பற்றித்தான்.

அம்பாஸிடரின் முன்சக்கரங்களைத் தாங்குவது இந்தத் தண்டுதான். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். 1934-ல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் கம்பெனி தன் முன்சக்கர இழுப்புக் காரில் இதைக் கையாண்டது. 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் மைனரிலும், அதன் தமையனாகிய மாரிஸ் ஆக்ஸ்போர்டிலும் இது இடம் பெற்றது. அந்த ஆக்ஸ்போர்டின் வம்சத்தில் பிறந்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியானதே நம் அம்பாஸிடர். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி இந்த வறண்ட சீமையின் தலையெழுத்தை மாற்றினார்கள். அதே கல்கத்தாவின் புறத்திலிருந்து வந்த இந்தக் காரும் நம் ஊர்க் கல்யாணங்களையும் பிரசவங்களையும் தேர்தல்களையும் சுமந்து ஓடியது. அம்பாஸிடர் அருகிவிட்ட காலத்தில் குவாலிஸும் டவேராவும் முன்புறத்தில் அதே முறுக்குத் தண்டோடு வந்து சேர்ந்தன. இன்றும் இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய வண்டிகளில் அவ்விரண்டும் உண்டு.

முறுக்குத் தண்டின் அமைப்பு எளிமையானது. தண்டின் முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் உட்புறத்தோடு பிணைந்திருக்கிறது. பின்முனை, சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் உள்ள ஆங்கர் ஆர்மில் அசையாதபடி கோக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் பிடிப்புக்காகப் பல் வெட்டிய ஸ்பிளைன்கள் இருக்கின்றன. சக்கரம் ஒரு மேட்டில் எழும்பும்போது ஆர்ம் கதவைப்போலத் தன் கீலில் திரும்புகிறது. முன்முனை அதனோடு திரும்ப, பின்முனை திரும்ப மறுக்க, இடையிலுள்ள எஃகு முழுவதும் நுனி முதல் நுனி வரை சமமாக முறுக்கேறுகிறது. ஸ்பிளைன்களிலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஜெர்மானிய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்புறத் தண்டில் ஒரு முனையில் 40 பற்களும் மறுமுனையில் 44 பற்களும் வெட்டியிருப்பார்கள். ஒரு முனையை ஒரு பல் முன்னும் மறுமுனையை ஒரு பல் பின்னுமாக மாற்றிக் கோத்தால், முக்கால் பாகைக்குச் சற்று மேற்பட்ட நுண்ணிய திருத்தம் கிடைத்துவிடும். இவ்விதமான யுக்தி கண்ட மனிதன் நிச்சயம் உங்களைப்போல் கையில் கிரீஸ் பூசியவனாகத்தான் இருந்திருப்பான்.

இனி இந்தத் தண்டின் சாஸ்திரம். 1784-ல் கூலோம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கம்பிகளைத் தொங்கவிட்டு முறுக்கிப் பார்த்து ஒரு விதியைக் கண்டார். முறுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவுக்குக் கோணம் திரும்பும். நீளம் இரட்டித்தால் தண்டின் கடினம் பாதியாகும். விட்டம் இரட்டித்தாலோ இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கல்ல, 16 மடங்கு கடினமாகும். விட்டத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட்டினால் கடினம் நூற்றுக்கு 46 பங்கு ஏறிவிடுகிறது. ஆகையால், 'கிட்டத்தட்ட அதே தடிமன்தானே அண்ணே' என்று வேறொரு வண்டியின் தண்டை எடுத்துப் பொருத்துவதும், துரு போகட்டுமென்று லேத்தில் கொடுத்து ஒரு சுற்றுச் சீவி எடுப்பதும், கண்ணுக்கு அற்பமாகத் தோன்றினாலும், வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிடும் காரியங்கள்.

முறுக்கேறும் தண்டில் எல்லா எஃகும் ஒரே அளவு சிரமப்படுவதில்லை என்பது இதைவிடவும் முக்கியமான விஷயம். நட்டநடுவில் உள்ள எஃகு ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருக்கிறது. மையத்தைவிட்டு வெளியே வரவரச் சிரமம் ஏறிக்கொண்டே போய், மேல்தோலில் உச்சத்தை அடைகிறது. தண்டின் விட்டத்தில் பாதி அளவுள்ள உட்பகுதி முழுவதும் சேர்ந்து சுமப்பது மொத்த முறுக்கில் 16-ல் ஒரு பங்கே; மற்ற 15 பங்கையும் வெளிச்சுற்றே ஏற்கிறது. எனவே தண்டின் ஆயுள் அதன் தோலில் இருக்கிறது. பைப் ரெஞ்சின் பல் பதித்த ஒரு சிறு வடு, அரம் இழுத்த ஒரு கீறல், வெல்டிங் பொறி விழுந்த ஒரு புள்ளி, துரு அரித்த ஒரு குழி, இவற்றில் எது நேர்ந்தாலும் அந்த இடத்தில் சிரமம் குவிந்து, சக்கரம் ஒவ்வொரு முறை எழும்பி அமரும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இம்மி இம்மியாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பேனா நிப்பு செய்து பிழைத்த குடும்பங்கள் பல உண்டு. பதம் ஏற்றிய நிப்பின் முனையில் தவறான இடத்தில் ஒரு கோடு விழுந்தால் அது எழுதுமா என்று அந்தத் தொழிலில் இருந்த பெரியவர் யாரையேனும் கேளுங்கள். நிப்பும் ஒரு ஸ்பிரிங்தான்.

வகுப்பறையில் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய ஒரு பரிசோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு முழுச் சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து, வளைக்காமல், திருகி மட்டும் உடையுங்கள். அது நேர்க்குறுக்காக உடையாது. படிக்கட்டுச் சுற்றியதுபோல் 45 பாகைச் சரிவில் சுற்றி உடையும். முறுக்கின் கையெழுத்து அது.

அந்தக் கையெழுத்தை நான் எஃகிலும் படிக்கும்படி நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஆடிக் கடைசி வெள்ளியன்று, குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகையில், சாலையில் ஒரு சிறு பள்ளத்தில் 'டங்' என்று ஓசை கேட்டது. காரின் இடது முன்மூலை கால் மடங்கிய மாடுபோல் அமர்ந்துவிட்டது. ரப்பர் ஸ்டாப்பரின்மேல் பாரம் ஏறி நின்றபடியால், நடைவேகத்தில் ஊர்ந்து எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். கழற்றிப் பார்த்தபோது, உடைந்த முகத்தின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியிலிருந்து, ஆற்று மணலில் தண்ணீர் வற்றி வற்றி விட்டுச்சென்ற கோடுகளைப்போல வளைவு வளைவான ரேகைகள் உள்நோக்கிப் படர்ந்திருந்தன. அதற்கப்பால் எஞ்சிய எஃகு ஒரே நொடியில் பிய்ந்து கரடுமுரடாக நின்றது. ரேகைகள் தொடங்கிய அந்தப் புள்ளி ஒரு ரெஞ்சுப் பல்லின் தடம். பல மாதங்களுக்கு முன், வெளியூர்ப் பட்டறை ஒன்றில், யாரோ ஒரு பிள்ளை அவசரத்தில் பதித்த தடம். அவனுக்கு அது நினைவிருக்கவும் நியாயமில்லை.

இனி இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம். சிலிக்கான்-மாங்கனீஸ், குரோமியம்-வனேடியம் முதலியவை கலந்த எஃகில் செய்து, பதமேற்றி, மேற்பரப்பில் எஃகுக் குண்டுமணிகளை வேகமாக வீசித் தட்டி இறுக்கியபின், தண்டை ஒருமுறை வேண்டுமென்றே அதன் மீளும் எல்லையைத் தாண்டி, அது வண்டியில் எந்தத் திசையில் முறுக்கேறப் போகிறதோ அதே திசையில், பலமாக முறுக்கி விடுகிறார்கள். முறுக்கை விட்டதும் உட்பகுதி பழைய நிலைக்கு முழுவதும் திரும்ப விரும்புகிறது. மேல்தோலோ சற்றே நிரந்தரமாக உருமாறிவிட்டது. இவ்விரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் மேல்தோலில் எதிர்த்திசை விசை ஒன்று தங்கிவிடுகிறது. பிறகு வண்டியின் பாரம் வரும்போது, அது முதலில் இந்த எதிர்விசையைக் கழித்துவிட்டுத்தான் தோலைத் தொட முடியும். கடன் தீர்க்கவேண்டிய நாளுக்கு முன்பே கையில் கொஞ்சம் முதல் சேர்த்து வைத்திருப்பதைப் போன்றது இது. ஆனால் இடதுபுறத் தண்டும் வலதுபுறத் தண்டும் கண்ணாடிப் பிம்பங்களைப்போல எதிரெதிர்த் திசையில் முறுகுகிறவை. மாற்றிப் போட்டால் அந்த முதலே கடனோடு சேர்ந்துகொள்ளும். தண்டு சீக்கிரம் தளர்ந்து வண்டி சாயும், அல்லது காலத்துக்கு முன்பே உடையும். தண்டின் முனையில் எழுத்தோ அம்புக்குறியோ இட்டிருப்பதன் காரணம் இதுவே. அதைக் கிரீஸ் மறைத்திருந்தால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, போல்ட்டை முடுக்கும் காரியம். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 25 மில்லிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்டையும், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்மையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தின்மேல் 300 கிலோ பாரம் அமர்ந்தால், தண்டு ஏறக்குறைய பதினாறரைப் பாகை முறுக்கேறும். வண்டி சுமார் எட்டரைச் சென்டிமீட்டர் இறங்கும். அதாவது ஒவ்வொரு மூன்றரைக் கிலோவுக்கும் ஒரு மில்லிமீட்டர். இப்போது ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் பின்முனை திரும்பி, வண்டி உயரும். ஆனால் தண்டின் விட்டமும் நீளமும் எஃகும் முன்பிருந்தவையே அல்லவா? ஆகவே மேற்கொண்டு 100 கிலோ ஏற்றினால் வண்டி முன்பு எந்த அளவு இறங்கியிருக்குமோ அதே மூன்று சென்டிமீட்டரளவு இப்போதும் இறங்கும். போல்ட் உயரத்தைத்தான் கொடுக்கிறது, பலத்தைக் கொடுப்பதில்லை. அதோடு, வண்டியை உயர்த்திவிட்டபடியால், சக்கரம் ஸ்டாப்பரில் போய் இடிக்கும்வரை தண்டு முன்னைவிட அதிகமாக முறுக்கேற வழி திறந்துவிடுகிறது; பந்து மூட்டுகள் கோணலாக நிற்கின்றன; சக்கரத்தின் சாய்வு மாறி, டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது. போல்ட் அங்கே வைக்கப்பட்டிருப்பது, நாளடைவில் தளர்ந்த தண்டைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவதற்கும், இடதையும் வலதையும் சமமாக்குவதற்கும்தான். அதைச் செய்யும்போது சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, முன்புறத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அளவு எடுத்து, பிறகு அலைன்மென்ட்டையும் சரிபார்க்க வேண்டும். டிரைவர் லோடு ஏற்ற ஆசைப்பட்டால், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் பிரதேசத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பாடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: சும்மா கிடக்கும் பொருளுக்குள் சக்தி உறங்கக்கூடும் என்பது அது. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை செய்யும் தாய்மார்களும் சகோதரர்களும் மருந்தைத் தொடும் கையில் அந்த அறிவை வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன தண்டு, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, 13 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துக்கு எறியக்கூடிய சக்தியைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. பாரத்தோடு நிற்கும் வண்டியில் ஆங்கரைத் தட்டிக் கழற்றினால் அந்தச் சக்தி ஒரு கண்ணிமைப் பொழுதில் உங்கள் மணிக்கட்டையோ முகத்தையோ தேடி வரும். ஜாக்கி வைத்துச் சேஸிஸை உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் முழுவதும் தொங்கியபின், போல்ட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி முறுக்கை இறக்கிவிட்டுத்தான் தண்டில் கை வைக்க வேண்டும்.

இந்தத் தண்டின் கௌரவம் காரோடு முடிந்துவிடவில்லை. நம் சாத்தூர்த் தொகுதியிலிருந்து 1957-ல் சட்டசபைக்குச் சென்ற காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1961-ல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ன் இறுதியில் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கியும், பின்னர் அங்கே உருவான டி-72 ரக அஜேயாவும், பீஷ்மாவும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களை உடையவை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு முறுக்குத் தண்டு, டாங்கியின் தரைத்தகட்டுக்கு மேலே குறுக்காகப் படுத்துக்கொண்டு, 40 டன் அளவிலான பாரத்தைப் பகிர்ந்து தாங்குகிறது. கவசத்துக்கு உள்ளே இருப்பதால் பகைவனின் குண்டு அதை எளிதில் தொட முடியாது. அதே ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கி மட்டும் வாயுவும் எண்ணெயும் கொண்ட வேறொரு அமைப்பை நாடியது.

கார்களிலும் இவ்விதமே காலம் மாறிக்கொண்டிருக்கிறது. 2005-ல் குவாலிஸின் ஸ்தானத்துக்கு வந்த இன்னோவா, முன்புறத்தில் சுருளுக்கு மாறிவிட்டது. தண்டுக்கு வேண்டிய நீளம் சுருளுக்கு வேண்டியதில்லை என்பது அதற்கு ஓர் அனுகூலம். அப்படியானால் போகிற பொருளைப் பற்றி இத்தனை விஸ்தாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து, வளைவுகளில் வண்டி ஒருபக்கம் சாயாமல் காக்கும் ஸ்டெபிலைசர் பார், இன்று ஓடும் மிகப் பெரும்பாலான கார்களில் இருக்கிறதே, அதன் நடுப்பகுதி என்ன? முறுக்குத் தண்டுதான். சுருளின் கம்பி என்ன? அதுவும் முறுக்குத் தண்டுதான். பெயர் போனாலும் சுபாவம் போகவில்லை. சுபாவத்தை அறிந்தவன் எந்த வண்டியின் அடியிலும் திகைத்து நிற்கமாட்டான்.

ஆகவே தம்பிமாரே, நான் உங்களைக் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. தண்டைக் கழற்றுமுன் ஸ்பிளைன் எந்தப் பல்லில் அமர்ந்திருக்கிறது என்பதைச் சாக்பீஸாலோ பெயின்டாலோ குறித்துக்கொள்ளுங்கள். குறியிடுவதற்குச் சென்டர் பஞ்ச்சும் அரமும் வேண்டாம். இடது தண்டை இடப்புறத்திலும் வலது தண்டை வலப்புறத்திலும், மண்ணில் படாமல் கோணி விரித்து வையுங்கள். வடு விழுந்த தண்டு எவ்வளவு நேராகவும் பளபளப்பாகவும் இருந்தாலும் திரும்ப மாட்டாதீர்கள். அப்படியும் ஒரு தண்டு ஸ்பிளைனில் துருவேறி வர மறுத்தால், எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பைப் ரெஞ்சை மட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுக் குனியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் ஒருவன்,
சாத்தூர்.